ஓதச் சுவர் யார் கணக்கில்?

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் இந்தச் சட்டக் கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கடிதங்களின் வாடையே மாறிவிடும். பட்டாவும் பாகப்பிரிவினையும் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ள, ஓதம் (சுவரில் ஊறும் ஈரம்), பூஞ்சை, உதிர்ந்த பட்டி (பெயின்ட்டுக்கு அடியில் பூசும் மாவு), பிடித்துக்கொண்ட அட்வான்ஸ் என்று வரிசையாக வந்து நிற்கும். இந்த முறை வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். வாடகை 18,000, அட்வான்ஸ் 90,000. மழைக்குப் பிறகு படுக்கையறைச் சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சை. பீரோவை நகர்த்திப் பார்த்தால் அதன் முதுகிலும் பச்சைப் பசேலென்று படர்ந்திருக்கிறது. அடித்தட்டில் வைத்திருந்த பட்டுப்புடவைகளில் வெள்ளைப் புள்ளி. ஐந்து வயது மகனுக்கு ராத்திரியில் இளைப்பு வருகிறது. ஓனர் அம்மாவிடம் சொன்னால், “நீங்க வீட்டுக்குள்ளயே துணி காயப்போடுறீங்க, ஜன்னலைத் திறக்கறதே இல்லை. பெயின்ட் செலவை அட்வான்ஸ்ல கழிச்சுக்குவேன்” என்கிறார். துணி காயப்போடுவது உண்மைதான், மேடம். மழையில் வேறு எங்கே போடுவது? அந்தச் சுவருக்குப் பின்னால்தான் பாத்ரூம். – வாசகி, மடிப்பாக்கம்

பதில்: கடைசி வரியைத்தான் முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும், அம்மா. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம் இருக்கிறது என்றால், நான் துணியைச் சந்தேகிப்பதற்கு முன்னால் பாத்ரூம் தரையைத்தான் சந்தேகிப்பேன். பூஞ்சை வழக்கில் யார் பொறுப்பு என்பதைவிட, தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு விடை கிடைத்துவிட்டால் யார் செலவு செய்ய வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

உங்கள் ஓனர் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. அடைத்த அறையில் ஈரத்துணி காய்ந்தால் அந்த ஈரம் எங்கேயாவது போயாக வேண்டும். ஆனால் அறைக் காற்றின் ஈரத்தால் வரும் பூஞ்சை ஒரு மாதிரி, சுவருக்குள்ளிருந்து ஊறும் நீரால் வருவது வேறு மாதிரி. முதல் வகை அறையின் மூலைகளில், பீரோவுக்குப் பின்னால், காற்றோட்டமில்லாத இடங்களில் எல்லாம் மெல்லிய படலமாகப் படரும். பெயின்ட் கெட்டியாகத்தான் இருக்கும், துடைத்தால் வந்துவிடும். இரண்டாவது வகை ஒரே இடத்தில் தொடங்கி அங்கிருந்து விரியும். பெயின்ட் கொப்பளிக்கும், விரலால் அழுத்தினால் பட்டி பொடியாக உதிரும், ஓரங்களில் வெள்ளையாக உப்புப் பூக்கும், தட்டினால் பூச்சு வெற்றொலி கொடுக்கும். இப்போதே போய்த் தட்டிப் பாருங்கள்.

அப்படியும் சந்தேகம் தீராவிட்டால் இரண்டு சோதனைகள். சுவரைத் துடைத்து, ஒரு முழம் சதுரத்துக்குக் கண்ணாடி போன்ற பாலிதீன் தாளை வைத்து நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம், சுவரை ஒட்டிய பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் நனைந்து உள்ளே காய்ந்திருந்தால் அறைக் காற்று. அடுத்து, பாத்ரூம் தரையின் வடிகால் வாயைத் துணி வைத்து அடைத்து, ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிற்கவிட்டு, அதில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை நன்றாகக் கலந்துவிடுங்கள். ஒரு ராத்திரி நிற்கட்டும். எனக்குத் தெரிந்த மேஸ்திரி ஒருவர் நங்கநல்லூரில், என்னிடம் வழக்குக்கு வந்த ஒருவர் வீட்டில் இதைச் செய்தார். மறுநாள் காலையில் படுக்கையறைச் சுவரில், ஸ்கர்ட்டிங் ஓட்டுக்கு மேலே, கோலப்பொடி சிந்தினாற்போல நீலம் இறங்கியிருந்தது. அதுவரை “குடித்தனக்காரங்க வழக்கம் சரியில்லை” என்று சாதித்த ஓனர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கீழே இறங்கிப் போனார். நீலம் இறங்காவிட்டால் தரை அநேகமாகச் சரி. சுவருக்குள் ஓடும் குழாயைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி சட்டம். தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-ஆம் ஆண்டின் நில உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 22.2.2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் இரண்டாம் அட்டவணையில் யார் எதைச் செய்ய வேண்டும் என்று பட்டியல் இருக்கிறது. கட்டுமானம் சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வர்ணம், குழாய்களை மாற்றுவது, மின்கம்பி வேலை இவையெல்லாம் உரிமையாளர் தலையில். குழாய் வாஷர், வடிகால் சுத்தம், வாஷ்பேசின், கழிப்பறைச் சாதனம், கீசர், சுவிட்ச், பூட்டு, கைப்பிடி, கொசுவலை, ஜன்னல் கண்ணாடி இவை குடியிருப்பவர் தலையில். பூஞ்சைக்கென்று தனி வரி கிடையாது. பாத்ரூம் தரையின் நீர்த்தடுப்பு போயிருந்தால் அது கட்டுமானப் பழுது, சுவருக்குள் குழாய் கசிந்தால் அது குழாய் மாற்றும் வேலை. இரண்டுமே ஓனருடையது. பெயின்ட்டும் அவருடைய பட்டியலில்தான் இருக்கிறது என்பதால் அட்வான்ஸில் கழிக்கும் பேச்சே நிற்காது. ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதையாக இருங்கள். வடிகாலில் முடி அடைத்து, தண்ணீர் மாதக்கணக்கில் தேங்கி அதனால்தான் ஊறியது என்றால், ஓனர் தரப்பு வழக்கறிஞர் உங்கள் பட்டியலைத் தூக்கிக் காட்டுவார். ஜல்லடையைக் கழற்றி இன்றைக்கே சுத்தம் செய்துவிடுங்கள்.

செய்ய வேண்டியது: தேதியோடு படங்கள், பாலிதீன் தாளின் படம், நீலம் இறங்கினால் அதன் படம், மகனைப் பார்த்த டாக்டரின் சீட்டு. எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பக்கக் கடிதம் எழுதி ஸ்பீடு போஸ்ட்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள். வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது சொன்னதெல்லாம் சாட்சியாகாது. எழுதிக் கேட்ட பிறகும் அவர் செய்யாவிட்டால், அந்தச் சட்டத்தின் 15-ஆவது பிரிவுப்படி நீங்களே வேலையை முடித்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் எந்த மாதத்திலும் வாடகையில் பாதிக்கு மேல் கழிக்கக் கூடாது. உங்களுக்கு 27,000 செலவானால் மாதம் 9,000 வீதம் மூன்று மாதம். “சரிசெய்யும் வரை வாடகையே தர மாட்டேன்” என்று மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள். அன்றிலிருந்து பூஞ்சையை விட்டுவிட்டு வாடகை பாக்கிதான் வழக்காகும்.

குழந்தை அந்த அறையில் படுக்க வேண்டாம். இதற்குச் சட்டம் தேவையில்லை.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். கீழே நாங்கள், மேலே குடித்தனம். இருப்பது இந்த ஒரு வீடுதான். எல்லாப் பத்திரிகையிலும் ஓனர் என்றால் வில்லன். என் கதையைக் கேளுங்கள். மேலே இருக்கிற பிள்ளைகள் ஏ.சி. மாட்டிக்கொண்டார்கள். அந்தச் சுவர் முழுக்க இப்போது ஓதம், பூஞ்சை. ஜன்னலைக் கொசுவுக்குப் பயந்து பிளாஸ்டிக் தாள் ஒட்டி மூடியிருக்கிறார்கள். பிளம்பரை அனுப்பினால் கதவைத் திறக்கவில்லை. அடுத்த மாதம் காலி செய்கிறார்கள். பெயின்ட்டுக்கு 22,000 ஆகும் என்கிறான் பெயின்ட்டர். அட்வான்ஸில் பிடிக்கலாமா? – வாசகர், அம்பத்தூர்

பதில்: வில்லன் என்று நான் எழுதியதில்லை, ஐயா. பென்ஷனுக்கு மேல் அந்த வாடகையை நம்பி மருந்து வாங்குகிற ஓனர்களை எனக்கும் தெரியும்.

22,000-ஐ அப்படியே பிடிக்க முடியாது. வீடு முழுவதற்கும் அடிக்கும் பெயின்ட் உங்கள் பட்டியலில் இருக்கிறது. புழங்கிய வீட்டில் சுவர் மங்குவது, ஆணி ஓட்டை, சமையலறைச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் இயல்பான தேய்மானம். ஆனால் அந்த ஒரு சுவர் வேறு கதையாக இருக்கலாம். ஏணி போட்டு வெளியிலிருந்து ஏ.சி. குழாய்க்குப் போட்ட துளையைப் பாருங்கள். துளை வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். அவசரத்தில் மாட்டுகிறவர்கள் உள்பக்கம் சரிய ஓட்டை போட்டு, சுற்றிலும் பூசாமல் போய்விடுவார்கள். சாரல் அடிக்கும் ஒவ்வொரு முறையும் மழைநீர் அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு சுவருக்குள் இறங்கும். ஏ.சி.யின் வடிகுழாய் எங்கே முடிகிறது என்றும் பாருங்கள். சன்ஷேடின் மேல் விட்டிருந்தால் கோடை முழுக்க அங்கே சொட்டிக்கொண்டே இருந்திருக்கும். அவர்கள் மாட்டிய ஏ.சி., அவர்கள் போட்ட துளை என்றால், அதனால் வந்த சேதம் அவர்கள் பொறுப்பு. அந்தச் சுவரைச் செதுக்கிப் பூசி வர்ணமடிக்கும் செலவை மட்டும் பில்லோடு பிடிக்கலாம். மீதியை, அவர்கள் காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தந்துவிட வேண்டும். அதுவும் அதே சட்டம்தான்.

அதோடு ஒன்று கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. அவர்கள் குடிவந்த அன்று அந்தச் சுவர் எப்படி இருந்தது என்பதற்கு உங்களிடம் படம் இருக்கிறதா? இல்லையென்றால் “நாங்க வரும்போதே இப்படித்தான் இருந்தது” என்ற ஒரே வாக்கியத்தில் உங்கள் கணக்கு ஆட்டம் காணும். வாத்தியாருக்கு வருகைப் பதிவேடு பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த குடித்தனம் வரும்போது சாவி கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு அறையாக வீடியோ எடுத்து அவர்களுக்கே அனுப்பி, “சரி” என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கதவைத் திறக்காத விஷயம்: 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் அறிவித்துவிட்டு, பகல் நேரத்தில், பழுது பார்க்க உள்ளே போக உங்களுக்கு உரிமை உண்டு. “தம்பி, நாளைக்கு பிளம்பர் வர்றார்” என்று மாடிப்படியில் நின்று சொன்னதை அறிவிப்பு என்று யாரும் ஏற்க மாட்டார்கள். ஒரு செய்தி அனுப்பியிருந்தால் போதும்.

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருக்கிறேன். மேல்வீட்டுச் சமையலறையிலிருந்து எங்கள் கூரையில் கசிகிறது. என் ஓனர் துபாயில். “மேல்வீட்டுக்காரரிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள்” என்கிறார். மேல்வீட்டில் இருப்பவர்களும் வாடகைக்குத்தான். அவர்கள் ஓனர் போனை எடுப்பதில்லை. சங்கச் செயலாளர், “இது உங்கள் இரண்டு பேர் விவகாரம்” என்கிறார். – வேளச்சேரி

பதில்: நாலு பேர், ஒரு சொட்டு. உங்களுக்கும் மேல்வீட்டு ஓனருக்கும் எந்த ஒப்பந்தமும் இல்லை. உங்களுக்கு வீட்டைக் குடியிருக்கத் தகுந்த நிலையில் தர வேண்டியவர் துபாய்க்காரர். கசிவு எங்கிருந்து வந்தாலும், மேல்வீட்டுக்காரரைப் பிடிப்பது, சங்கத்துக்கு எழுதுவது, தேவைப்பட்டால் நோட்டீஸ் விடுவது அவருடைய வேலை. அவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், சங்கத்துக்கும் நகல். செயலாளர் கை கழுவ முடியாத இடம் ஒன்று உண்டு. கசிவது மேல்வீட்டுக்கு மட்டுமான குழாயா, எல்லா மாடிக்கும் இறங்குகிற பொதுக் கழிவுநீர்க் குழாயா என்று பாருங்கள். பொதுக் குழாய் என்றால் சங்கத்தின் பராமரிப்புப் பணத்திலிருந்துதான் செய்ய வேண்டும். மேல்வீட்டுக்காரர்கள் ஒரு நாள் ஊருக்குப் போயிருக்கும்போதும் கசிவு நிற்கவில்லையா? பொதுக் குழாயாக இருக்கலாம்; மேல்வீட்டுக்குத் தண்ணீர் வரும் குழாயையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் வாடகை வீட்டுச் சுவரிலும் பூஞ்சை. ஒப்பந்தமே எழுதவில்லை. வாடகை ஜிபேயில் போகிறது. எங்களுக்கும் புதிய வாடகைச் சட்டம் உண்டா? – திருப்பூர்

பதில்: ஜிபே வரலாறு, நீங்கள் வாடகை கொடுக்கிறீர்கள் என்பதைக் காட்டும்; பூஞ்சையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. புதிய சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை ஆணையத்தில் பதிவாக வேண்டும். அதற்கென்று அரசின் இணையதளமே இருக்கிறது. “11 மாசத்துக்குத்தானே, எதுக்குப் பதிவு” என்கிற பழைய சமாதானம் இதில் எடுபடாது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: எழுத்து ஒப்பந்தம் இல்லை என்பதையே காரணம் காட்டி உங்களை வெளியேற்றக் கேட்க ஓனருக்கு அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. சுவரைக் காட்டிச் சண்டை போடுவதற்கு முன் காகிதத்தைச் சரிசெய்யுங்கள். அதில் ஓதம், நீர்க்கசிவு, வெளிச்சுவர், மொட்டைமாடி உரிமையாளர் பொறுப்பு என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அட்வான்ஸையும் பாருங்கள். மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்பது பொதுவிதி. நீங்களே கூடுதலாக ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அது செல்லும்.

கேள்வி: 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தண்ணீர் புகுந்த ஏரியா என்று தெரியாமல் ஏப்ரலில் ஒரு தரைத்தள வீட்டைப் பிடித்தோம். அப்போது புதுப் பெயின்ட், பளபளவென்று இருந்தது. மழை தொடங்கியதும் இடுப்பு உயரத்துக்கு எல்லாச் சுவரும் உப்பி உதிர்கிறது. ஓனர் மறுபடி பட்டி வைத்து அடித்துத் தருவதாகச் சொல்கிறார். – முடிச்சூர்

பதில்: வேண்டாம் என்று சொல்லுங்கள். ஈரச் சுவரில் பட்டி வைப்பது அவர் பணத்துக்கும் கேடு, உங்கள் மூச்சுக்கும் கேடு.

இடுப்பு உயரத்தோடு நிற்கிற ஓதம் கீழேயிருந்து ஏறுவது. செங்கல் மண்ணின் ஈரத்தை உறிஞ்சி மேலே இழுக்கும். நீர் காற்றில் போய்விடும், அதிலிருந்த உப்பு சுவரிலேயே தங்கிப் பெயின்ட்டை உள்ளேயிருந்து தள்ளும். இதைத் தடுக்கத்தான் அஸ்திவாரத்துக்கு மேல் ஒரு ஈரத்தடுப்பு அடுக்கு போடுவார்கள். சென்னையில் அதற்கும் ஒரு சிக்கல் வந்திருக்கிறது. ரோட்டின் மேல் ரோடாகப் போட்டுப் போட்டுப் பழைய வீடுகள் எல்லாம் பள்ளத்தில் இறங்கிவிட்டன. வெளியே மண் அந்த அடுக்குக்கு மேல் ஏறிவிட்டால், தடுப்பு இருந்தும் இல்லாத மாதிரிதான். உங்கள் வாசற்படியில் நின்று பாருங்கள். தெருவுக்கு ஏறிப் போகிறீர்களா, இறங்கிப் போகிறீர்களா?

சரியான வேலை, உப்பேறிய பூச்சைச் செங்கல் தெரியும் வரை செதுக்கிவிட்டு, சுவரை உலரவிட்டு, ஈரத்தடுப்பு செய்து, பிறகு பூசுவது. வெயில் காலம் முழுக்கக்கூட ஆகலாம். வீட்டில் ஆள் இருந்துகொண்டு நடக்கிற காரியமில்லை. கட்டுமானப் பழுது என்பதால் செலவு ஓனருடையது. எழுதிக் கேட்டும் மறுத்து, வீடு குடியிருக்கவே முடியாத நிலையில் இருந்தால், 15 நாள் எழுத்து அறிவிப்புக் கொடுத்துவிட்டு நீங்கள் காலி செய்யலாம். ஒப்பந்தக் காலம் முடியவில்லை என்று அட்வான்ஸைப் பிடித்தால் வாடகை நீதிமன்றத்துக்குப் போங்கள். வெளியேறும் முன் சுவர்களைப் படமெடுக்க மறக்காதீர்கள்.

அடுத்த வீடு பார்க்கும்போது: ஏப்ரலில் எல்லா வீடும் அழகுதான், முடிந்தால் மழைக்காலத்தில் பாருங்கள். சுவரில் நாலடிக்கு மட்டும் புது வர்ணம் அல்லது டைல்ஸ் ஒட்டியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். பரணைத் திறந்து முகர்ந்து பாருங்கள். எதிர்க் கடைக்காரரிடம் ஒரு டீ வாங்கிக்கொண்டு, தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு என்று விசாரியுங்கள். புரோக்கர் சொல்லாததை அவர் சொல்வார்.

கேள்வி: பூஞ்சையைப் போக்க பிளீச்சிங் பவுடரோடு பாத்ரூம் ஆசிட்டும் கலந்து தேய்க்கலாமா? பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். – சேலம்

பதில்: கூடவே கூடாது! இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அடைத்த பாத்ரூமில் அது நுரையீரலைப் புண்ணாக்கும், மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போகும் நிலை வரும். ஜன்னலைத் திறந்துவைத்து, முகக்கவசம் போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் வித்துகள் வீடெல்லாம் பறக்கும். துடைத்த இடத்தை ஃபேன் போட்டு நன்றாக உலரவிடுங்கள், துணியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். இரண்டே வாரத்தில் அதே இடத்தில் திரும்ப வந்தால் மறுபடி துடைத்துக்கொண்டிருக்காமல் பிளம்பரைக் கூப்பிடுங்கள். அவர் கூலியை யார் கொடுப்பது என்பதற்கு மேலே மடிப்பாக்கத்துக்கு எழுதிய பதிலைப் பாருங்கள்.